வெளுத்த பேண்ட்டும் நாற்பத்து மூன்று வான்கோழிகளும்

தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூவருக்கும் நான் ஒப்படைத்த கோப்புகளில் செய்முறை எல்லாம் இருக்கிறது. எந்த வெப்பநிலை, எத்தனை மணி நேரம், எந்தப் படிவம், யார் கையெழுத்து என்று அதில் பார்த்துக்கொள்ளலாம். இங்கே அதைப் பற்றி ஒரு வரியும் எழுதப் போவதில்லை. ஏழு வருடம் இந்த நாற்காலியில் இருந்துவிட்டு வெள்ளிக்கிழமை வேறு வேலைக்குக் கிளம்புகிறேன். முப்பது வயதில் ‘என் காலத்தில்’ என்று ஆரம்பிக்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் கோப்பில் ஏறாத விஷயம் ஒன்று இருக்கிறது. இங்கே நான் செய்த மிகப் பெரிய தவறு அது. அதிலிருந்து என்னைக் கரையேற்றியவர்களைப் பற்றியும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் எதற்கும் பட்டியல் போடுகிறவள். மளிகைக்குப் பட்டியல், ஊருக்குப் போகும்போது பெட்டிக்குப் பட்டியல், யாரோடாவது சண்டை போட வேண்டியிருந்தால் அதற்கும் பட்டியல். ஒவ்வொன்றாக டிக் போட்டு முடித்தால்தான் தூக்கம் வரும். இந்தத் தொழிலுக்கு அது நல்ல குணம். அதில் ஒரு குறைதான் உண்டு. பட்டியலில் எழுதாமல் விட்டது கண்ணில் படவே படாது.

நமக்கு வருடம் முழுக்கக் கோழி. நவம்பர் பாதியிலிருந்து கிறிஸ்துமஸ் வரைதான் வான்கோழி. சாந்தோம், மந்தைவெளி, அடையாறு பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் முன்கூட்டியே சொல்லிவைப்பார்கள். திருப்போரூர் தாண்டி இருக்கும் நம் ஆலையில் பறவையைச் சுத்தம் செய்து, க்ளோரின் கலந்த குளிர்தொட்டியில் முக்கியெடுத்து, உறையவைத்து, ஆழ்வார்பேட்டைக் கடை வழியாக வீடுகளுக்கு அனுப்புவோம். பறவைகளைக் கழுவிய நீரும் தொட்டித் தண்ணீரும் பாட்டில்களில் அடையாறு ஆய்வகத்துக்கு, என்னிடம் வரும். நான் தேடுவது சால்மொனெல்லா என்ற பாக்டீரியா. வான்கோழியின் குடலில் அது பாட்டுக்கு வாழும், பறவைக்கு ஒன்றும் செய்யாது. மனிதர் வயிற்றுக்குள் போனால் நாலு நாள் படுக்க வைக்கும். குழந்தையோ முதியவரோ நோயாளியோ என்றால் உயிருக்கே ஆபத்து வந்துவிடும்.

நான் சேர்ந்த மூன்றாவது வருடம், ஒவ்வொரு வான்கோழிப் பெட்டியிலும் ஒரு சீட்டு வைக்கலாம் என்று யோசனை சொன்னேன். ‘இந்தத் தொகுதி சால்மொனெல்லா பரிசோதனையில் தேறியது.’ கீழே என் கையெழுத்து. விற்பனை நன்றாக இருந்தது. பரிசோதனை முடிவுகள் அதைவிட நன்றாக இருந்தன. மூன்று வாரமாக ஒரு மாதிரியில்கூட ஒன்றும் முளைக்கவில்லை. கோழியிலேயே மாதத்துக்கு ஒன்றிரண்டு அகப்படும். வான்கோழியில் பூஜ்யம். மேனேஜர் அதை அலுவலக வாட்ஸப் குழுவில் போட்டுக் கைதட்டும் படம் வைத்தார். நான் அதைப் படம் பிடித்து வைத்துக்கொண்டேன். அளவுக்கு மீறிச் சுத்தமான முடிவு வந்தால், சந்தோஷப்படுவதற்கு முன் நாற்காலியை விட்டு எழுந்து போய் ஒரு தடவை எல்லாவற்றையும் பாருங்கள். நான் எழுந்திருக்கவில்லை. என்னை எழுப்பியது ஒரு பேண்ட்.

கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருந்தது. மாதிரிகளைக் கொண்டுவரும் வேன் ஓட்டுநர் காலையில் ஆய்வகத்துக்குள் வந்தார். இதில் பெயர் போடட்டுமா என்று சமீபத்தில் அவரிடம் கேட்டேன். “வாணாம் மேடம், அப்பாலிக்கா ஆளாளுக்குப் பேண்ட்ட கழட்டியாந்து டெஸ்ட் பண்ணுன்னுவாங்க” என்று சொல்லிவிட்டார். அன்று அவர் கையில் மடித்த பேண்ட் ஒன்று இருந்தது. மேசைமேல் விரித்தார்.

“இத்தப் பாருங்க மேடம். இதுக்கு ஒரு நாயம் சொல்லுங்க.”

கருநீலச் சீருடைப் பேண்ட். வலது தொடையில் உள்ளங்கை அகலத்துக்கு வெளிறிய திட்டு.

“என்னாச்சு அண்ணா?”

“நேத்து ஓ.எம்.ஆர்.ல மெட்ரோ பள்ளத்துல வண்டி எகிறிச்சு. உங்க பொட்டி கவுந்து, தொட்டித் தண்ணி பாட்டிலு மூடி கழண்டுகிச்சு. மடில வச்சு மூடினேன். அவ்ளோதான். காலீல பாத்தா இப்டி கீது.”

“பாட்டில் ஒழுகிச்சா? நேத்தே சொல்லியிருக்க வேண்டாமா? எந்த நம்பர்?”

“பாட்டில வுடுங்க மேடம், என் பேண்ட்டு! தீபாவளிக்குக் குட்த்தது. ஊட்ல இன்னா கேக்கறா தெரிமா? எந்தக் கக்கூஸ கழுவிட்டு வந்தேன்றா.”

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

“பதினஞ்சு வருசமா கோழி வண்டி ஓட்டிக்கினு கீறேன். கோழித் தண்ணி கறை வைக்கும் மேடம், வெளுக்காது. இது இன்னா தண்ணி?”

அவர் கேட்டது முழுதாக உறைப்பதற்குள் குளிர்பெட்டியைத் திறந்து ஒரு பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினேன். நீச்சல்குளம் மாதிரி வாசனை அடித்தது. அந்த வாசனை அங்கே இருக்கவே கூடாது.

கோழிக்கு நாம் பயன்படுத்தும் பாட்டில்கள் தயாராகவே வருகின்றன. அவற்றில் தயோசல்பேட் என்ற உப்பு இருக்கும். நீரில் க்ளோரின் ஒட்டிக்கொண்டு வந்தால் அந்த உப்பு அதை அங்கேயே அடக்கிவிடும். வான்கோழி பெரிய பறவை, அந்தப் பாட்டில் போதவில்லை. அதனால் பெரிய பாட்டில்களை நானே தயாரித்தேன். தயாரிப்பதற்குப் பத்து வரியில் பட்டியல் போட்டேன், பத்துக்கும் டிக் போட்டேன். தயோசல்பேட்டை நான் ஒருநாளும் கையால் போட்டதில்லை, அதனால் பட்டியலில் அது இல்லை. க்ளோரின் வேன் பயணம் முழுவதும் பாட்டிலுக்குள் தன் வேலையைச் செய்துகொண்டே வந்திருக்கிறது. என்னிடம் வந்து சேரும்போது பாட்டிலில் இருந்த பாக்டீரியா செத்துப்போயிருக்கும். பறவையின் தோல் குழிகளிலும் இறக்கை மடிப்பிலும் இருந்தவற்றைப் பற்றி எனக்கு எதுவுமே தெரியாது.

ஆலைக்குப் போன் போட்டேன். தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் அக்கா எடுத்தார்.

“அக்கா, வான்கோழித் தொட்டிக்கு க்ளோரின் எவ்ளோ போடறீங்க?”

“கோழிக்குப் போடறதைப் போல மூணு பங்கு. பறவை பெருசுல்ல?”

“யார் சொன்னாங்க?”

“யாரும் சொல்லலையே மேடம். நீங்களும் ஒண்ணும் சொல்லல.”

உண்மை. நான் சொல்லவில்லை. வான்கோழியைப் பெரிய கோழி என்று நினைத்தது அவர் மட்டுமா?

ஓட்டுநர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். “இன்னா மேடம், மூஞ்சி வெள்த்துப் போச்சு? உங்களுக்கும் தண்ணி பட்டுச்சா?”

ஆழ்வார்பேட்டை அலுவலகத்துக்கு அவர் வேனிலேயே போனேன். வழியில், சொல்ல வேண்டியதை ஐந்து வரியாக எழுதிக்கொண்டேன். மேனேஜர் எதிரில் உட்கார்ந்ததும் முதல் வரிதான் வாயில் வந்தது.

“சார், மூணு வாரமா நான் குடுத்த ரிப்போர்ட் எதுவும் செல்லாது.”

“செல்லாதுன்னா? ஃபெயிலா?”

“ஃபெயிலும் இல்ல, பாஸும் இல்ல. சோதனையே நடக்கல.” நடந்ததைச் சொன்னேன். “மிச்சம் இருக்கற பறவைகளை நிறுத்திட்டு மறுபடி டெஸ்ட் பண்ணணும். நாலஞ்சு நாள் ஆகும்.”

“கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது வான்கோழிய நிறுத்தச் சொல்றே. பொங்கலுக்கா விக்கறது?”

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். கீழே சாலையில் ஹார்ன் சத்தம். திரும்பாமலே கேட்டார்.

“வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது எத்தனை?”

“நாப்பத்தி மூணு.”

இந்த இடத்தில் என்னை நல்லவளாகக் காட்டிக்கொள்ள முடியாது. நான் சொன்னது இதுதான்: “மறு டெஸ்ட் ரிசல்ட் வரட்டும் சார். ஒண்ணும் இல்லைன்னு வந்தா எல்லாரையும் எதுக்குப் பயமுறுத்தணும்? எப்படியும் நல்லா வேகவச்சா செத்துடும். கடையில வாங்கற எந்தப் பச்சைக் கறியிலயும் இது இருக்கலாம்.”

இதில் ஒவ்வொரு வாக்கியமும் அறிவியல்படி சரி. மேனேஜர் வணிகம் படித்தவர், பாக்டீரியாவைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. ஜன்னலிலிருந்து திரும்பி வந்து உட்கார்ந்தார்.

“பறவை தப்பா சரியான்னு நாலு நாள் கழிச்சுத்தான் தெரியும். சீட்டு தப்புன்னு இப்பவே தெரியுதே. அதை இப்பவே சொல்லணும்.” பிறகு பேனாவை எடுத்தார். “லிஸ்ட்டைக் குடு. பாதி நான் பேசறேன், பாதி நீ.”

அந்த ஒரு வார்த்தைக்காக அவருக்கு எத்தனை நன்றி சொன்னாலும் போதாது. அதற்கு முன், இங்கே நான் எழுதாமல் விட்ட பத்து நிமிடம், அவர் என்னைத் திட்டியதையும் சேர்த்தே சொல்கிறேன். தவறு செய்தவர் தலையில் போன் அழைப்புகள் முழுவதையும் கட்டிவிட்டு நகர்ந்துகொள்வது சுலபம். அவர் பாதியை எடுத்துக்கொண்டார், அதிலும் சண்டைக்காரப் பெயர்களாகப் பார்த்து.

என் பாதிக்கு ஒன்பது வரியில் குறிப்பு எழுதினேன். உறைந்த பறவையின் பனி இறக்குவது, கழுவாமல் இருப்பது, பலகை, கத்தி, வெப்பநிலை. முதல் மூன்று வீடுகளில் ஐந்தாவது வரியைத் தாண்டவில்லை. ஒருவர் லைனைத் துண்டித்தார். ஒருவர் “எங்க அம்மா வந்ததும் சொல்லுங்க” என்றார். மூன்றாவது வீட்டில், எந்த பேங்க் பெயரைச் சொல்லி ஏமாற்றப் பார்க்கிறாய் என்று கேட்டார்கள்.

நான்காவது, சாந்தோம் பக்கத்துச் சந்து ஒன்றில் இருக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. தெருவே டீச்சர் என்றுதான் கூப்பிடும், நானும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டேன். ஒன்பது வரியையும் கடைசிவரை கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

“ஆக, அந்தச் சீட்டுல இருக்கறது உன் கையெழுத்து.”

“ஆமா டீச்சர்.”

“நான் வழக்கமா வேற இடத்துலதான் வாங்குவேன். இந்த வருஷம் கடையில அந்தச் சீட்டைப் பாத்துத்தான் உங்ககிட்ட வாங்கினேன். எங்க வீட்டுக்காரருக்குக் கிட்னி மாத்தி ஆறு மாசம் ஆகுது, தெரியுமா?”

சிறுநீரக மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்கள், உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்தைத் தினமும் சாப்பிட வேண்டும். மற்றவருக்கு நாலு நாள் வயிற்றுப்போக்கு என்பது அவருக்கு ஐ.சி.யூ.வாக இருக்கலாம். என் கையில் இருந்த பட்டியல் அதோடு முடிந்துபோயிற்று.

“திருப்பிக் குடுத்துடுங்க டீச்சர். பணத்தோட நான் நேர்ல வந்து வாங்கிக்கறேன்.”

“வேற வான்கோழி குடுப்பியா?”

“என்கிட்ட இருக்கற எதையும் நல்லதுன்னு இப்போ சொல்ல முடியாது.”

“சரி, அது அப்புறம். ஏதோ ஒரு பாயிண்ட் சொன்னியே, கழுவக் கூடாதா?”

“குழாயில கழுவினா தெறிக்கும் டீச்சர். பக்கத்துல இருக்கற பாத்திரம், காய்கறி எல்லாத்துலயும் படும். வேகறதுல எப்படியும் செத்துடும், அதனால கழுவவே...”

“கழுவாத கறிய அடுப்புல ஏத்தற பொம்பளை ஒருத்திய எங்க தெருவுல காட்டு. மஞ்சள், கல்லுப்பு போட்டு மூணு தண்ணி அலசாம அதைத் தொடவே மாட்டாளுங்க. நீ வீட்ல கறி சமைப்பியா?”

“இல்ல டீச்சர்.”

“சாப்பிடவாவது?”

“இல்ல.”

“எந்த ஏரியா?”

“மயிலாப்பூர். குளத்துக்குப் பின்னாடி.”

“அதானே பாத்தேன்” என்றார். அதில் கோபம் கொஞ்சம் குறைந்திருந்தது மாதிரி எனக்குப் பட்டது. “செய்ய மாட்டாங்கன்னு தெரிஞ்சதைச் சொல்லிட்டு, சொல்லிட்டோம்னு டிக் போட்டுக்காதே. என்ன செய்வாங்களோ அதைச் சொல்லு.”

அரை மணி நேரம் இரண்டு பேரும் பேரம் பேசினோம். குழாயை மூடிவிட்டு அகலமான பேசினில் அமுக்கி அலசி, அந்தத் தண்ணீரைக் கழிப்பறையில் ஊற்ற வேண்டும். வெங்காயம், சாலட் எல்லாவற்றையும் அதற்கு முன்பே நறுக்கி எடுத்துவைத்துவிட வேண்டும். முடித்தபின் சிங்க்கை ப்ளீச்சிங் போட்டுத் துடைக்க வேண்டும். கறி எலும்போரம் வரை முழுசாக வேக வேண்டும். என் ஒன்பது வரி நாலானது. நாலான பிறகு பேசிய எல்லா வீட்டிலும் கடைசிவரை கேட்டார்கள். பாதி வீடுகளில் எழுதிக்கொண்டார்கள். உங்கள் மூவருக்கும் நுண்ணுயிரியல் என்னைவிட நன்றாகவே தெரியும். ஊர்க்காரர்கள் சமையலறையில் என்ன செய்கிறார்கள் என்பதை அவர்களிடமே கேளுங்கள். எந்தப் பாடத்திலும் அது இல்லை.

மறு பரிசோதனைக்கு ஆறு பறவைகளை எடுத்தோம். இந்தத் தடவை பாட்டிலில் தயோசல்பேட் இருந்தது. பண்டிகைக்கு இரண்டு நாள் முன்பு முடிவு வந்தது. ஆறில் இரண்டில் சால்மொனெல்லா. கிடங்கில் இருந்த அத்தனையையும் மேனேஜர் உடனே அழிக்கச் சொன்னார். நாற்பத்து மூன்று வீடுகளுக்கும் மறுபடி போன் செய்தோம். இப்போது சொல்ல உறுதியான விஷயம் இருந்தது. பதினொரு வீட்டார் பறவையைத் திருப்பித் தந்தார்கள். முப்பத்திரண்டு பேர், நாலு வரியையும் திருப்பிச் சொல்லிக் காட்டிவிட்டு வைத்துக்கொண்டார்கள். டீச்சர் அந்த முப்பத்திரண்டில் ஒருவர்.

“டீச்சர், நீங்க மட்டுமாவது குடுத்துடுங்க.”

“ஆறு மாசமா கஞ்சி, இட்லி, கஞ்சி. ‘நல்லா வெந்த கறி சாப்பிடலாம்’னு டாக்டர் சொன்னதுலேர்ந்து மனுஷன் நாளை எண்ணிக்கிட்டிருக்கார். வெட்டிப் பரிமாறறது நான்தான்னு கத்தியத் தீட்டி வச்சிருக்கார். வேற கோழி வாங்கினாலும் அதுலயும் இருக்கலாம்னு நீதானே சொன்னே?”

“சொன்னேன்.”

“வெந்துட்டா ஒண்ணும் இல்லைன்னும் சொன்னே.”

“முழுசா வெந்துட்டா.”

“அப்போ வா. வந்து நின்னு பாரு. எங்க தெருவுல பாதிப் பேர் வீட்ல வான்கோழி நுழையற ஓவன் கிடையாது. பேக்கரியிலதான் குடுப்போம். காலைல ரொட்டி இறக்கினதும் அந்தச் சூட்டுல வான்கோழி ஏறும். பூசைக்குப் போயிட்டு வந்து வாங்கிப்போம்.”

ஒரு நிபந்தனை போட்டேன். பச்சைப் பறவை அவர் வீட்டுக்குள் பிரிக்கப்படவே கூடாது. பெட்டி பேக்கரிக்கே போகட்டும், அங்கேயே குளிர்பெட்டியில் பனி இறங்கட்டும், மசாலாவை அங்கேயே வந்து தடவட்டும். டீச்சர் ஒப்புக்கொண்டார்.

கிறிஸ்துமஸ் அன்று காலையில் வெப்பமானியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். “இன்னிக்கு லீவுதானேடி, எங்கே கிளம்பிண்டிருக்கே?” என்றாள் அம்மா. “பேக்கரிக்கு” என்றேன். “முட்டை போடாத கேக்கா பாத்து வாங்கிண்டு வா.”

பேக்கரியில் பதினாலு தட்டுகள் அடுப்பில் இருந்தன, அத்தனையிலும் நாம் விற்ற பறவைகள். விறகு அடுப்பு. தட்டின் விளிம்பில் சாக்பீஸால் எண். என்னைக் கண்டதும் பேக்கரிக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். டீச்சர் சொல்லியிருக்கிறார் என்பதற்காக உள்ளே விட்டார், அவ்வளவுதான். என்னைக் கொண்டுவந்து விட்ட ஓட்டுநர், போகச் சொல்லியும் போகாமல் மாவு மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டார்.

முதல் தட்டு வெளியே வந்தது. பறவை பொன்னிறத்தில் மின்னியது. பேக்கரிக்காரர் துணியால் காலைப் பிடித்து ஒரு திருகு திருகினார், மூட்டு அசைந்தது. “ஆயிடுச்சு. இருவத்தியஞ்சு வருசமா இப்டித்தான் பாக்கறேன்.”

நான் தொடையின் தடித்த இடத்தில் வெப்பமானியைக் குத்தினேன். எழுபத்து நாலு டிகிரி செல்சியஸ் வர வேண்டும். அறுபத்து மூன்று காட்டியது.

“உங்க குச்சி ரிப்பேர்மா.”

வெளியே போய் அடுத்த கடையில் கொதிக்கக் கொதிக்க ஒரு டம்ளர் வெந்நீர் வாங்கிவந்தார் ஓட்டுநர். குச்சியை அதில் விட்டேன். தொண்ணூற்றேழு. ஓட்டுநர் எட்டிப் பார்த்தார். “குச்சி கரீக்டா கீது நைனா. உன் கைதான் ரிப்பேரு.”

பேக்கரிக்காரர் சண்டைக்கு வந்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் குச்சியை வாங்கி, தானே இன்னொரு பறவையில் குத்திப் பார்த்தார். அறுபது. பிறகு அந்தத் தொடையை விரலால் அழுத்தியபடி யோசித்தார்.

“இதெல்லாம் ஃப்ரீசர்ல கெடந்ததா?”

“ஆமாண்ணா.”

“முன்னெல்லாம் உயிரோட புடிச்சாந்து முந்தின நாள் அறுத்ததுதான் வரும். இந்த ஐஸ் வான்கோழி ரெண்டு மூணு வருசமாத்தான். உள்ள குளிர் விடல போலக்குது.” சொல்லிவிட்டு அடுப்பில் இரண்டு கட்டை விறகைத் தள்ளினார். அவர் கை பொய் சொல்லவில்லை, அது பழகியது வேறு பறவைக்கு. அன்று அவர் ஒப்புக்கொண்ட வேகத்தில் நான் என் பாட்டிலைப் பற்றி வாடிக்கையாளர்களிடம் ஒப்புக்கொள்ள முன்வரவில்லை.

பதினாலு பறவையும் உள்ளே திரும்பிப் போயின. பூசை முடிந்து புதுத்துணியோடு வந்தவர்கள் சந்தில் நிறைந்துவிட்டார்கள்.

“இன்னாண்ணே, உள்ள முட்டை போட்டு அடைகாக்குதா?”

“ஈஸ்டருக்காவது கெடைக்குமா?”

“யாரோ ஆபீசரு வந்துகிறாங்களாம்பா, ஜுரம் பாக்கறாங்க.”

ஒவ்வொன்றாக எழுபத்து நாலைத் தாண்டத் தாண்ட, டீச்சர் எண்ணைப் படிக்க, வீடுகளுக்குப் போயின. பன்னிரண்டேமுக்காலுக்கு ஒரு தட்டுதான் மிச்சம். இருந்ததிலேயே பெரிய பறவை. டீச்சருடையது. வலது தொடையில் எழுபது, இடதில் அறுபத்தெட்டு.

“அஞ்சாறு டிகிரிதானேம்மா” என்றார் பேக்கரிக்காரர். இப்போது அவர் குரலில் எகத்தாளம் இல்லை. “மூடி எடுத்துக்கினு போனா வீட்டுக்குப் போறதுக்குள்ள அந்தச் சூட்டுலயே ஏறிடும்.”

அது பொய்யில்லை. அடுப்பிலிருந்து எடுத்த பிறகும் பெரிய பறவைக்குள் சூடு கொஞ்சம் ஏறும். நானே படித்திருக்கிறேன். ஏறலாம். டீச்சரின் போன் அடித்தது. வீட்டிலிருந்து. “இதோ ஆயிடுச்சு... பசிச்சா ரெண்டு பிஸ்கட் சாப்பிடுங்க... மாத்திரை போட்டாச்சா?” என்று சொல்லிக்கொண்டே என்னைப் பார்த்தார். முடிவை என்னிடம் விட்டுவிட்டார். ஒரு முறை என் சீட்டை நம்பி ஏமாந்த மனுஷி, ஒரு வாரம் கழித்து என் குச்சியை நம்பி நிற்கிறார்.

ஏறலாம் என்பதற்கு நான் இனிமேல் கையெழுத்துப் போட முடியாது.

“உள்ள வைங்கண்ணா” என்றேன்.

முக்கால் மணி நேரம் நாலு பேரும் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஓட்டுநர் மட்டும் டீச்சருக்குத் தன் பேண்ட் கதையை முதலிலிருந்து சொன்னார். மறுபடி எடுத்தபோது இரண்டு தொடையிலும் எண்பதுக்கு மேல். இடுக்கு, மார்பு, எலும்போரம் என்று ஆறு இடத்தில் குத்திப் பார்த்தேன். டீச்சர் தட்டை வாங்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனார். நன்றி சொல்லவில்லை, அதற்கு நேரம் எங்கே.

நீங்கள் இப்போது வான்கோழிப் பெட்டியில் வைக்கும் சீட்டில் ‘தேறியது’ என்ற சொல் கிடையாது. அந்த நாலு வரியும் ஒரு போன் நம்பரும்தான். அதை மாற்றச் சொல்லி யாராவது வருவார்கள். மாற்றாதீர்கள்.

சால்மொனெல்லா வயிற்றுக்குள் போனால் பெரும்பாலும் மூன்று நாளுக்குள் காட்டிவிடும். அந்த மூன்று நாளும் நான் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். நான்காம் நாள் காலையில் முப்பத்திரண்டு வீடுகளுக்கும் வரிசையாகப் பேசினேன். முன்பின் தெரியாதவர்களிடம் ‘வயிறு எப்படி இருக்கிறது’ என்று கேட்பதற்கு நாசூக்கான வழி ஏதும் இல்லை. நேராகவே கேட்டேன். ஒருவர் சிரித்தார், ஒருவர் கேக் அதிகமாகிவிட்டது என்றார், மற்றவர்கள் நன்றாக இருக்கிறோம் என்றார்கள். டீச்சர் வீட்டை வேண்டுமென்றே கடைசியில் வைத்திருந்தேன்.

“டீச்சர், சாருக்கு எப்படி இருக்கு?”

“அவர்கிட்டயே கேளு” என்று போனைக் கொடுத்துவிட்டார்.

அதுவரை நான் கேட்டிராத குரல். கொஞ்சம் கரகரப்பாக, தெம்பாக இருந்தது.

“நீதான் அந்தக் குச்சிப் பொண்ணா? வான்கோழியா அது? சக்கைம்மா, சக்கை! கத்தி எறங்கல. கொழம்பை ஊத்தி ஊத்தி முழுங்கினேன். மூணு நாளா அதுதான் சாப்பாடு, நேத்து ராத்திரிதான் காலியாச்சு. அடுத்த வருஷம் அரை மணி நேரம் முன்னாடி எடுக்கச் சொல்லும்மா.”

“மாட்டேன் சார்” என்றேன்.